பதினேழு வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர்?

பெண் பிள்ளை கபடி நன்றாக ஆடுகிறாள், அடுத்து எந்த அணியில் சேர்ப்பது என்று யோசிக்கிற பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். ஒரு நாள் சாயங்காலம், பயிற்சி நடக்கிற நேரமாகப் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் அந்த மைதானத்துக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள். அலமாரியில் இருக்கும் கோப்பைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் எங்கிருந்தும் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கொஞ்ச காலமாக இதே பேச்சுதான். மகள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். ரெய்டர். பாடிப் போய் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு, கார்னரில் நிற்கிற பிள்ளை கையை நீட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். குறுவட்டப் போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த யாரோ சொல்லி, யாரோ கேட்டு, இப்போது எங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அரசு விளையாட்டு விடுதிக்கான தேர்வில் நிறுத்துவது. இரண்டு, டவுனில் இருக்கும் ஒரு தனியார் கிளப்பில் பணம் கட்டிச் சேர்ப்பது. மூன்று, இப்போது இருக்கிற மாதிரியே பள்ளிக்கூட அணியில், பி.டி. டீச்சர் கையில் விட்டுவிடுவது.

சேவுகம்பட்டியில் இருந்துகொண்டு இதை யோசிப்பது, மதுரையிலோ சென்னையிலோ இருந்து யோசிப்பது மாதிரி இல்லை. பட்டிவீரன்பட்டி பக்கத்திலேயே இருக்கிறது, வத்தலக்குண்டுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து திண்டுக்கல்லுக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்து இருட்டின பிறகு ஒரு பெண் பிள்ளை தனியாக பஸ் மாறி வர வேண்டும் என்றால், அந்த வீட்டில் பேச்சு எப்படி மாறும் என்று இந்தப் பக்கம் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் தேங்காய் வியாபாரம். வெட்டு நடக்கும் நாளில் அய்யம்பாளையம் தோப்புகளில்தான் பொழுது போகும். நான் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். தினமும் கூட்டிப்போய்க் கூட்டிவர எங்கள் இருவராலும் முடியாது.

தை மாதம் எங்கள் ஊர் சோலைமலை அழகர் கோயிலில் வாழைப்பழம் சூறை விடுகிற திருவிழா நடக்கும். அந்தப் பொங்கலை ஒட்டிய நாட்களில் சுற்றுவட்டாரம் முழுக்க விளையாட்டுப் போட்டிகளும் நடக்கும். லைட் கட்டி, மைக் கட்டி, ராத்திரி முழுக்கக் கபடி. எல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்குக் கோலப் போட்டி, இசை நாற்காலி. என் மகள் சின்ன வயசில் அந்த லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கபடியைக் கற்றுக்கொண்டாள். ஆடுவதற்கு அவளுக்குக் களம் கிடைத்தது பள்ளிக்கூடத்தில்தான்.

முதலில் விடுதியைப் பற்றி. 1992ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற விடுதிகள் இவை. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேரலாம். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் அரசு செலவு. பெண்களுக்கான விடுதிகள் ஈரோடு, திருவண்ணாமலை, நாகர்கோவில், பெரம்பலூர், தேனி என்று பல ஊர்களில் இருக்கின்றன. நம் திண்டுக்கல்லிலும் இருக்கிறது. முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கும்போது ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். முதலில் மாவட்ட அளவில் தேர்வு, அதில் தேறினால் மாநில அளவில். ஒரு விஷயத்தை முன்கூட்டியே மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த விளையாட்டுக்கு எந்த ஊர் விடுதி என்பதை ஆணையம்தான் முடிவு செய்யும். திண்டுக்கல் மைதானத்தில் தேர்வுக்கு நிற்கிற பிள்ளை வேறு மாவட்டத்து விடுதிக்குப் போக வேண்டி வரலாம்.

தேர்வு நாள் என்பது பிள்ளைக்கும் பெரிய நாள், பார்க்கிற பயிற்சியாளருக்கும் பெரிய நாள். உயரம், எடை, ஓட்டம், தாண்டுதல், அப்புறம் அவசரமாகப் பிரித்த இரண்டு அணிகளில் கொஞ்ச நேரம் ஆட்டம். அங்கே பிள்ளையைப் பார்க்கிறவர்கள் நேர்மையானவர்களாகவே இருந்தாலும், அந்தக் கொஞ்ச நேரத்தில் தெரிவது கொஞ்சம்தான். பன்னிரண்டு, பதிமூன்று வயசில் பெண் பிள்ளைகள் ஒரே மாதிரி வளர்வதில்லை. ஒரு பிள்ளை சீக்கிரம் வயசுக்கு வந்து, நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கும். அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை குருவி மாதிரி இருக்கும். பெண் பிள்ளைகள் வேகமாக உயரம் போடுவது பெரும்பாலும் பன்னிரண்டு வயசை ஒட்டித்தான். அந்த வயசில் தேர்வு வைத்தால், முன்னால் வளர்ந்தவளை எடுத்து, பின்னால் வளரப் போகிறவளை அனுப்பிவிடுவது எளிதாக நடக்கும். வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களுக்கும் இதே சலுகை உண்டு. ஒரே வயசுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவள் டிசம்பரில் பிறந்தவளைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் மூத்தவள்.

எடுக்கப்படாத பிள்ளைக்கு இதை யாராவது சொல்ல வேண்டும். அம்மா அப்பாதான் சொல்ல வேண்டும். "உனக்கு வராதுன்னு அவங்க சொல்லல தாயி, இன்னைக்கு எடுக்கலன்னு மட்டுந்தான் சொல்லிருக்காங்க" என்று என் வீட்டுக்காரர் தேர்வுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மகளிடம் சொல்லிவிட்டார்.

எடுக்கப்பட்ட பிள்ளைக்கும் ஆபத்து உண்டு. பதிமூன்று வயசில் எல்லாரையும் முந்தியவளின் உடம்பு பதினைந்தில் மாறும். இடுப்பு அகலும், எடை கூடும், கொஞ்ச நாள் கால் தன் சொல்லைக் கேட்காதது போலத் தோன்றும். "முன்ன மாதிரி ஓட்டம் இல்லையே" என்று பேசத் தொடங்குவார்கள். அந்த ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருக்கிற பயிற்சியாளர் கையில் இருந்தால் அவள் தேறிவிடுவாள். பொறுமை இல்லாத இடத்தில் இருந்தால் அதோடு நின்றுவிடுவாள்.

என்னோடு படித்தவர்களில் கோ-கோவிலும் ஓட்டத்திலும் கெட்டிக்காரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். சடங்கு சுற்றின பிறகு மைதானத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. யாரும் அவர்களைத் திட்டி நிறுத்தவில்லை. டவுசர் போட வேண்டாம் என்றார்கள், வெயிலில் கறுத்துப்போவாய் என்றார்கள், மாதவிலக்கு நாளில் மைதானத்துப் பக்கம் கழிவறை இல்லை, தண்ணீர் இல்லை. ஒவ்வொன்றும் சின்னக் காரணம். எல்லாம் சேர்ந்தால் போதும். அவர்களில் சிலர் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்கு விடுதியில் தங்கி வேலை பார்க்கப் போனார்கள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ஆள் எடுத்த காலம் அது, சுமங்கலித் திட்டம் என்று பேர். எங்கள் மாவட்டத்தில் பதினாறு, பதினேழு வயசுப் பெண்ணுக்காகக் காத்திருக்கும் இடங்கள் எவை என்று தெரிந்தவர்களுக்கு, அந்த வயசில் ஒருத்தி இன்னும் களத்தில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் தெரியும்.

அதனால்தான் எண்ணச் சொல்கிறேன். மூத்த பிள்ளைகள் இருக்கும் அணி என்றால், அங்கே வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொள்ளத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அடிபட்டவளைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள், பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தாண்ட வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவிடம் பேசியிருக்கிறார்கள். கோப்பை ஒரு நல்ல வருஷத்தில், ஒரு நல்ல பிள்ளையால் வந்துவிடலாம். பதினேழு வயசுப் பிள்ளைகள் அப்படி வர மாட்டார்கள்.

என் சித்தி மகள் அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறாள். அவள் பெண்ணும் என் மகள் வயசுதான், லாக்ரோஸ் ஆடுகிறாள். நீளக் குச்சியின் நுனியில் ஒரு வலை, அதில் பந்தை ஏந்தி ஓடி கோல் போடுகிற விளையாட்டு. அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் ஆட்டம் அது. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொண்டது. அணிக்கு ஆறு பேர் ஆடும் வடிவம். அங்கே பள்ளி அணி தனி, கிளப் தனி. கிளப்பில் சேரத் தேர்வு, தேறினாலும் ஏ அணியா பி அணியா என்ற பிரிப்பு, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர், வார இறுதிகளில் வெளியூர்ப் போட்டி. "அக்கா, பி டீம்னு மெயில் வந்துச்சு, பிள்ளை சாப்பிடவே இல்ல. இதுக்கு மேல இன்னொரு கிளப் டிரெயல்ஸுக்குக் கூட்டிப் போகவான்னு இவரு கேக்குறாரு" என்று ஒரு நாள் போனில் சொன்னாள்.

அங்கே கல்லூரி அணியில் இடம் பிடிப்பதற்குத்தான் இந்த ஓட்டமெல்லாம். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமே கல்லூரிப் பயிற்சியாளர்கள் பேசி வாக்கு வாங்கத் தொடங்கி, கடைசியில் பயிற்சியாளர்களே இது சரியில்லை என்று சொல்லி, 2017ல் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு லாக்ரோஸுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. பள்ளியின் பதினோராம் வகுப்பில் செப்டம்பர் 1 வரும் வரை பயிற்சியாளர் பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது. அவ்வளவு பணமும் வசதியும் இருக்கிற நாட்டில், பதிமூன்று வயசுப் பிள்ளையைப் பார்த்து அவள் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்று விதி போட வேண்டி வந்திருக்கிறது. நார்வேயில் இதைவிடத் தெளிவாகச் செய்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கான விளையாட்டு விதிகளை 1987லேயே எழுதி, 2007ல் திருத்தினார்கள். பதினொரு வயசு ஆகும் வருஷம் வரை புள்ளிப் பட்டியல், தரவரிசை எதையும் வெளியிடக் கூடாது. பதிமூன்று வயசுக்கு முன்னால் தேசியப் போட்டி கிடையாது. அந்தச் சின்ன நாடுதான் குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கங்களை அள்ளுகிறது.

நாம் கன்று நட்ட மறு வருஷமே தென்னையில் காய் கேட்கிறோம்.

சொந்தக்காரர்கள் பேச்சைப் பற்றி எழுதாமல் இதை எழுத முடியாது. "பொட்டப் பிள்ளைய எங்கேயோ கொண்டுபோய் விடுதியில விடுறியா" என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் வந்தது. என் மாமியாருக்கு நான் ரேவதியின் கதையைச் சொன்னேன். மதுரைக்குப் பக்கத்தில் சக்கிமங்கலம். சின்ன வயசிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்த ரேவதி வீரமணியையும் அவர் தங்கையையும் வளர்த்தது பாட்டி ஆரம்மாள், கூலி வேலை பார்த்து. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பிள்ளையைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் சேரவும் வழி செய்தார். பெண் பிள்ளையை இப்படி அனுப்புகிறாயே என்று உறவுக்காரர்கள் பேசியதைப் பாட்டி காதில் வாங்கவில்லை. 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார். இப்போது ரயில்வேயில் வேலை.

மாமியார் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அந்தக் கண்ணன் மாதிரி ஆளு அங்க யாரு இருக்கா?" பேத்தி ஜெயிப்பாளா என்று அவர் கேட்கவில்லை. இந்த முழுப் பேச்சிலும் அதைவிட நல்ல கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று வென்றதும், அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகாவுக்குத் தமிழ்நாடு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்ததும் எங்கள் தெரு வரைக்கும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு கபடி ஆடுகிற பெண் என்றால் பேச்சில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. எனக்கு அந்தச் செய்தியில் பணத்தைவிடப் பெரிதாகப் பட்டது கண்ணகி நகர்தான். சென்னையின் குடிசைப் பகுதிகளில் இருந்து பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்டவர்களின் இடம் அது. அங்கே ஒரு கூட்டம் பிள்ளைகள் தினமும் ஆடுகிறார்கள், அவர்களுக்கு ஒரு பயிற்சியாளர் வருஷக்கணக்காக நிற்கிறார். கார்த்திகா அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவர். தனியாக ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துத் தங்கக் கூண்டில் வைத்து வளர்த்து வந்தது இல்லை.

இனி, அணி பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டியவை. கபடியில் பன்னிரண்டு பேர் அணி, களத்தில் ஏழு பேர். மீதி ஐந்து பேர் வெளியே. அந்த ஐந்து பேருக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். பயிற்சியில் அவர்களும் ரெய்டு போகிறார்களா, அல்லது பந்தி முடிந்த வீட்டில் நிற்பது போல ஓரத்தில் நிற்கிறார்களா என்று பத்து நிமிஷம் நின்றாலே தெரிந்துவிடும். உங்கள் பிள்ளை என்றைக்காவது அந்த ஐந்தில் ஒருத்தியாக இருப்பாள். எவ்வளவு நன்றாக ஆடினாலும்.

எடை விஷயம் இதைவிட முக்கியம். பதினாறு வயசு வரைக்குமான சப்-ஜூனியர் பெண்கள் பிரிவில் 55 கிலோ வரம்பு. இருபது வயசு வரைக்குமான ஜூனியரில் 65. வரம்பு இருப்பது நல்லதற்குத்தான், பெரிய உடம்புக்காரி சின்னவள் மேல் விழக் கூடாது. ஆனால் வரம்பை ஒட்டி நிற்கிற பிள்ளையை என்ன செய்கிறார்கள்? நான் போய்ப் பார்த்த ஓர் இடத்தில், போட்டி முடியும்வரை ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி ஒரு பிள்ளையின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், தண்ணீரையும் குறைக்கச் சொல்லி. வளர்கிற பிள்ளை. தமிழ்நாட்டில் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அதற்காகத்தான். அந்த மாத்திரையைத் தூக்கிப்போடாமல் விழுங்குகிறாளா என்று பாருங்கள், முருங்கைக் கீரை, முட்டை, கடலை போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சாப்பாட்டை நிறுத்தச் சொல்கிற பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். அந்த ஒரு காரணம் போதும்.

முழங்கால் அடுத்தது. கபடியில் திடீரென்று நின்று திரும்பும்போது, மூன்று பேர் காலைப் பிடித்து இழுக்கும்போது, முழங்காலுக்குள் இருக்கிற ஜவ்வு கிழியும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது. குதித்து இறங்குவது, ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கால் உள்பக்கம் சாயாமல் திரும்புவது என்று பயிற்சிக்கு முன்னால் முறையாகச் செய்கிற உடற்பயிற்சியால் அடிபடுவது நன்றாகக் குறைகிறது என்று உலகம் முழுக்கப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மேட் வேண்டாம், மெஷின் வேண்டாம். கால் மணி நேரம் வேண்டும். நேராகப் போய் ஆட்டத்தைத் தொடங்குகிற இடம் என்றால் யோசியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் பயிற்சியாளரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமோ என்று. 2021ல் சென்னையில் பேர்பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார், 2023ல் நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். இதற்குப் பிறகும் கூச்சப்பட நமக்கு உரிமை இல்லை. பெண் பயிற்சியாளரோ பெண் காப்பாளரோ உண்டா, வெளியூர்ப் போட்டிக்கு யார் கூடப் போகிறார்கள், தனித்தனியாகக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுக்கிற வழக்கம் உண்டா, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாமா என்று நேராகக் கேளுங்கள். நல்லவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். பிள்ளைக்கு 1098 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள், எதற்கு என்றும் சொல்லுங்கள்.

படிப்பு, வேலை என்று கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு, பொறியியல் சேர்க்கையிலும் தனி இடங்கள் உண்டு. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்தான் அங்கே செல்லும். பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுகிற போட்டிகள், முதலமைச்சர் கோப்பை, சங்கங்கள் முறையாக நடத்தும் மாநில, தேசியப் போட்டிகள் ஒரு வழி. வாராவாரம் ஏதோ ஊரில் நடக்கும் தனியார் போட்டி வேறு வழி. நான் பார்த்த கிளப்பில் சுவர் நிறைய சான்றிதழ் மாட்டியிருந்தார்கள். கிட்டப் போய்ப் படித்தேன். பெரும்பாலும் இரண்டாவது வகை.

அங்கே மேட் நன்றாக இருந்தது. பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருந்தார்கள், பயிற்சியாளருக்கு ஆட்டம் தெரிந்திருந்தது. என் மகளை ரெய்டு போகவிட்டுப் பார்த்து, அவள் இடது பக்கமே போகிறாள் என்பதை உடனே சொன்னார். ஆனால் களத்தில் பதினைந்து வயசைத் தாண்டிய முகம் ஒன்றுகூட இல்லை. "பெரிய பிள்ளைங்க எங்க சார்?" என்று கேட்டேன். "காலேஜ் போயிட்டாங்க, சிலருக்குக் கல்யாணம் ஆயிருச்சு, பப்ளிக் எக்ஸாம் வந்தா நின்னுருவாங்கம்மா, நம்ம என்ன பண்றது" என்றார். பண்ணுவதற்கு நிறைய இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூட மைதானத்தில் மேட் இல்லை, மண்தான். மழை பெய்தால் ரெண்டு நாள் ஆட முடியாது. ஆனால் பிளஸ் ஒன் படிக்கிற இரண்டு பிள்ளைகள் சின்னவர்களுக்குப் பிடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கணுக்காலை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு தலையை எந்தப் பக்கம் வைப்பது, பக்கத்தில் நிற்கிறவளின் கையை எப்போது விடுவது என்று. பி.டி. டீச்சர் தூரத்தில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். விடுதியைப் பொறுத்தவரை, பிளஸ் டூ முடிக்கும்வரை பிள்ளைகள் அங்கேயே இருந்து ஆடுகிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தால் மகளுக்கு முன்னால் மூத்தவர்கள் இருப்பார்கள்.

ஆகவே எங்கள் முடிவு இப்படி. கிளப் வேண்டாம். கோடையில் விடுதித் தேர்வில் நிற்கட்டும். கிடைத்தால், எந்த ஊர் என்று தெரிந்த பிறகு, நாங்கள் மூவரும் போய் அந்த விடுதியையும் காப்பாளரையும் பார்த்துவிட்டுச் சேர்ப்போம். தைத் திருவிழாவுக்குப் பேத்தி ஊருக்கு வந்துவிட வேண்டும் என்பது மாமியாரின் நிபந்தனை. கிடைக்காவிட்டால் பள்ளிக்கூட அணிதான், ஒரு நாள்கூட இடைவெளி விடாமல். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று சரிபார்க்கிற வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட அணியிலேயே மகள் இருக்க வேண்டி வந்தால், அதைப் பதினேழு வயசு வரை பிள்ளைகள் நிற்கிற இடமாக ஆக்குவது எங்கள் கையிலும் இருக்கிறது. அணியில் இருக்கும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களோடு பேசினேன். தலைமையாசிரியையைப் பார்த்து மைதானத்துப் பக்கம் இருக்கிற கழிவறையைச் சாயங்காலம் பூட்டாமல் வைக்கவும், தண்ணீர் விடவும் கேட்டோம், ஒப்புக்கொண்டார். பயிற்சி முடிந்து பிள்ளைகளை ஊர் ஊராக இறக்கிவிட ஒரு ஷேர் ஆட்டோவை மாதக் கணக்கில் பேசியிருக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் ஓடத் தொடங்கும். அந்த இரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளில் ஒருத்தி தொடர்ந்து வருகிறாள். இன்னொருத்தியை அடுத்த வருஷம் பிளஸ் டூ என்று சொல்லி வீட்டில் நிறுத்தப் பார்க்கிறார்கள். அவள் அம்மா என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறேன், பி.டி. டீச்சரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.